பதில் சொல்ல இடம் வேண்டும்: மாணவர் நாடாளுமன்ற விவாதம் எப்படி நடக்கிறது?

பேசிக்கொண்டிருப்பவர் மூச்சு விடும் இடைவெளியில், எதிர் மேசையில் ஒரு மாணவி விருட்டென்று எழுகிறாள். ஒரு கை தலைமேல் இருக்கிறது, இன்னொரு கை முன்னால் நீண்டிருக்கிறது. பேசுபவர் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "வேண்டாம், நன்றி" என்கிறார். அவள் உட்காருகிறாள். அரை நிமிடம் கழித்து அவளுடைய கூட்டாளி எழுகிறான். இந்த முறை பேசுபவர் தன் வாக்கியத்தை முடித்துவிட்டு, "சரி, கேளுங்கள்" என்கிறார். அவன் பதினைந்து நொடிக்குள் ஒரு கேள்வியை வீசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். பதில் வருகிறது. பேச்சு மேலே போகிறது.

முதல்முறை பார்க்கிறவருக்கு இது பாதி விளையாட்டாகவும் பாதி நாடகமாகவும் தெரியும். தலையில் கை வைப்பது, அந்தக் காலத்து பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழும்போது விக் நழுவாமல் பிடித்துக்கொண்டதன் மிச்சம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ இல்லையோ, பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போது பல போட்டிகளில் சும்மா எழுந்து நின்றாலே போதும்.

மாணவர் நாடாளுமன்ற விவாதத்தின் விதிகளைக் கையேட்டில் படித்தால் தலை சுற்றும். யார் எத்தனை நிமிடம், எந்த நிமிடத்தில் மணி, எதைப் புதிதாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அந்த விதிகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே கவலைதான். ஒருவர் ஒரு வாதத்தை வைத்தால், அதற்குப் பதில் சொல்ல எதிரில் இருப்பவருக்கு நிஜமான வாய்ப்பு இருக்க வேண்டும். இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாதிரி நாடாளுமன்றம் என்று மாணவர்கள் நடத்துவது வேறு. அங்கே கேள்வி நேரம் உண்டு, மசோதா உண்டு, அமைச்சர் வேடம் உண்டு. உண்மையான அவை எப்படி இயங்குகிறது என்று நடித்துப் பார்ப்பதே அதன் நோக்கம். நாடாளுமன்றப் பாணி விவாதம் என்பது போட்டி. நாடாளுமன்றத்திலிருந்து இது எடுத்துக்கொண்டது பெயர்களையும் எலும்புக்கூட்டையும் மட்டும்தான். அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு, பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், கொறடா, "இந்த அவை" என்று தொடங்கும் தீர்மானம், அவ்வளவே. எந்தத் தரப்பில் பேசுவது என்பதை மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை, பொதுவாகக் குலுக்கலில் வரும். நம்பாத பக்கத்துக்காகவும் பேசத்தான் வேண்டும்.

அந்த எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்கு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கூடுவதற்குக் கிடைத்த இடம், வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் இருந்த புனித ஸ்டீபன் தேவாலயம். பாடகர் குழு எதிரும் புதிருமாக உட்காரும் வரிசைகளில் உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு தரப்பு, நடுவில் இடைவெளி என்ற அமைப்பு அப்படியே நிலைத்தது. 1815இல் கேம்பிரிட்ஜிலும் 1823இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் தொடங்கிய மாணவர் விவாதச் சங்கங்கள் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டன. அங்கெல்லாம் தீர்ப்பு சொன்னது பார்வையாளர்கள். 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு சங்கத்தில் "இந்த அவை எந்தச் சூழ்நிலையிலும் தன் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது" என்ற தீர்மானம் 275க்கு 153 என்ற வாக்குகளில் நிறைவேறி, பத்திரிகைகளில் பெரிய கொந்தளிப்பையே கிளப்பியது. மாணவர் விவாதம்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை.

போட்டி விவாதம் இதிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் பிரிகிறது. பார்வையாளர் வாக்குக்குப் பதில் நடுவர் தீர்ப்பு வந்தது. கூட்டத்தைச் சிரிக்க வைத்து ஜெயிக்கும் வழி அதோடு அடைபட்டது. எதிரணியின் வாதத்தைத் தொடாமலே போனால் அது ஏட்டில் பதிவாகும் நிலையும் வந்தது. பல்கலைக்கழகங்களுக்கான உலக விவாதப் போட்டி 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. பள்ளிகளுக்கானது 1988இல் ஆஸ்திரேலியாவில். இன்று மாணவர்கள் பின்பற்றும் வடிவங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் விதிகளையோ, அமெரிக்க, ஆசிய வட்டாரங்களில் வளர்ந்த விதிகளையோ ஒட்டியே இருக்கின்றன.

எல்லாம் தீர்மானத்தில் தொடங்குகிறது. மாணவர்கள் அதை மோஷன் என்றுதான் சொல்வார்கள். "இந்த அவை பள்ளிகளில் வீட்டுப்பாடத்தைத் தடை செய்யும்" என்பதை எடுத்துக்கொள்வோம். "செய்யும்" என்று முடிந்தால் அது கொள்கைத் தீர்மானம். சட்டம் நிறைவேறிவிட்டது என்றே வைத்துக்கொண்டு, அது நல்லதா கெட்டதா என்று பேச வேண்டும். "எந்த அரசும் இதை நிறைவேற்றவே நிறைவேற்றாது" என்று எதிர்த்தரப்பு சொன்னால் அது வாதமாகக் கணக்கில் வராது. "நம்புகிறது" என்று முடிந்தால் ஒரு கூற்று உண்மையா, சரியா என்று நிறுவ வேண்டும். "வருந்துகிறது" என்று வந்தால் கொஞ்சம் தந்திரமானது. அந்த விஷயம் இல்லாமலே உலகம் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனையோடு இன்றைய நிலையை ஒப்பிட வேண்டும். புதிதாக வரும் அணிகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். வருந்தும் தீர்மானத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்து நிற்பார்கள்.

தயாரிப்பு நேரம் வடிவத்துக்கு வடிவம் மாறும். உலகப் பல்கலைக்கழகப் போட்டி பின்பற்றும் பிரிட்டிஷ் பாணியில் 15 நிமிடம். ஆசியப் பாணியில் மூன்று தீர்மானங்களைக் கொடுத்து, அவற்றை விருப்பப்படி வரிசைப்படுத்துமாறு இரண்டு அணிகளிடமும் சொல்லி, ஒவ்வொரு அணியும் கடைசியில் வைத்ததைக் கழித்துவிட்டு, பிறகு அரை மணி நேரம் தருவார்கள். உலகப் பள்ளிகள் பாணியில் சில தீர்மானங்கள் முன்னதாகவே தெரியும், மற்றவற்றுக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பயிற்சியாளரிடம் பேசக் கூடாது, இணையத்தைத் தொடக் கூடாது. எல்லோருக்கும் தெரியாத விஷயம் தீர்மானத்தில் இருந்தால், அமைப்பாளர்கள் நாலு வரித் தகவல் குறிப்பைத் திரையில் போட்டுவிடுவார்கள். படித்தவன், படிக்காதவன் என்ற வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக.

பிரதமராகப் பேசுபவரின் முதல் வேலை தீர்மானத்தை வரையறுப்பது. விதிகளில் மிகவும் சுவாரசியமான பகுதி இது, அதிகம் ஏமாற்று நடக்கும் பகுதியும் இதுதான். வீட்டுப்பாடத் தீர்மானத்தில் நேர்மையான பிரதமர் என்ன செய்வார்? எந்த வயது மாணவர்கள், எந்த மாதிரி வேலையை வீட்டுப்பாடம் என்கிறோம், அதற்குப் பதில் பள்ளி என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு வாதத்துக்குப் போவார். கெட்டிக்காரர் ஒருவர், "வீட்டுப்பாடம் என்றால் நள்ளிரவு வரை குழந்தையைத் தூங்கவிடாத வேலை" என்று தொடங்குவார். இனி எதிர்த்தரப்பு எதைப் பேசும்? தூக்கத்தைக் கெடுப்பதை யார் ஆதரிப்பது? இதற்கு ஆங்கில விவாத வட்டாரத்தில் ஸ்குவிரலிங் என்று பெயர், அணில் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னாலும் கிடக்கும் கொட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி, யாருக்கும் எட்டாத கிளையில் உட்கார்ந்துகொள்வது.

விதி இதைத் தடுக்கிறது. வரையறை ஒரு சாதாரண வாசகர் அந்தச் சொற்களைப் படித்தால் புரிந்துகொள்ளும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும், எதிர்த்தரப்புக்கும் பேச இடம் விட வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஊருக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று காரணமில்லாமல் சுருக்கக் கூடாது. மீறினால் எதிர்க்கட்சித் தலைவர் தன் முதல் பேச்சிலேயே அதை எதிர்க்க வேண்டும். ஏன் தவறு என்று சொல்லி, சரியான வரையறையையும் தர வேண்டும். அப்போது வாய் மூடி இருந்துவிட்டு, பின்னால் வரும் பேச்சாளர் திடீரென்று எதிர்க்க முடியாது. நடுவராக உட்காரும் எவருக்கும் தெரியும், வரையறைச் சண்டையில் மூழ்கும் விவாதம் கேட்கவே சலிப்பாக இருக்கும். அதனால் அனுபவம் உள்ள அணிகள் இரண்டு வரியில் ஆட்சேபத்தைச் சொல்லிவிட்டு, "சரி, அவர்களுடைய வரையறையிலேயே பார்த்தாலும்..." என்று உள்ளே நுழைந்து அடிப்பார்கள். என் பார்வையில் இதுதான் சரியான வழி.

இனி மேடை அமைப்பு. பிரிட்டிஷ் பாணியில் நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர். தொடக்க அரசு, தொடக்க எதிர், நிறைவு அரசு, நிறைவு எதிர். எட்டுப் பேருக்கும் தலா 7 நிமிடம். அரசு, எதிர், அரசு, எதிர் என்று மாறி மாறிப் போகும். வினோதம் என்னவென்றால் ஒரே பக்கம் இருக்கும் இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். தயாரிப்பு நேரத்தில் கலந்து பேசக் கூடாது. ஆனால் மேடையில் முரண்படவும் கூடாது. கூட்டணிக் கட்சிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி தனித்தனி, கொள்கை ஒன்று.

இரண்டாம் பாதியில் வரும் அணி, முதல் பாதி சொன்னதைத் திருப்பிச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது. புதிதாக ஏதாவது கொண்டுவர வேண்டும், அதற்கு நீட்சி என்று பெயர். வீட்டுப்பாட விவாதத்தில் தொடக்க அரசு மாணவரின் மனஅழுத்தத்தைப் பேசிவிட்டது என்றால், நிறைவு அரசு வீட்டில் உதவ ஆள் இல்லாத பிள்ளைக்கும் இருக்கிற பிள்ளைக்கும் இடையே வீட்டுப்பாடம் உண்டாக்கும் இடைவெளியைப் பேசலாம். முன்னால் வந்த வாதத்தையே எடுத்து, அது ஏன் உண்மை என்று ஆழமாக நிறுவினாலும் நீட்சிதான். ஆனால் "தொடக்க அரசு சொன்ன மனஅழுத்தம் ஒரு பெரிய விஷயமே இல்லை" என்று சொல்லிவிட்டால் அது முதுகில் குத்துவது. விதிக் கையேடுகளின் பேச்சு வழக்கிலும் இதற்குக் கத்தி என்றுதான் பெயர். இதுவும் நம் பழைய கவலைதான். எதிர்த்தரப்பு ஒரு நிலைப்பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் அந்த நிலைப்பாட்டையே மாற்றினால், அவர்கள் அதுவரை சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு?

கடைசியில் பேசும் இருவர் கொறடாக்கள். நிஜ நாடாளுமன்றத்தில் கொறடாவின் வேலை தன் கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்குக் கூட்டி வந்து நிறுத்துவது. இங்கே அவர் கூட்டி வருவது வாதங்களை. ஏழு பேர் பேசியதை இரண்டு மூன்று மோதல் புள்ளிகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் யார் கை ஓங்கியது, அதில் தன் அணியின் பங்கு என்ன என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்புக் கொறடா புதிய வாதம் எதுவும் கொண்டுவரக் கூடாது. காரணம் எளிது, அவருக்குப் பிறகு பேச ஆள் இல்லை. வந்த வாதத்துக்குப் புதிய மறுப்பு சொல்லலாம், பழைய வாதத்துக்குப் புதிய உதாரணம் தரலாம். எது புதிய வாதம், எது பழைய வாதத்தின் புதிய உதாரணம் என்பதில்தான் நடுவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

உலகப் பள்ளிகள் பாணியில் இரண்டே அணிகள், அணிக்கு மூன்று பேச்சாளர்கள், தலா 8 நிமிடம். அதன் பிறகு அணிக்கு ஒரு நிறைவுரை, 4 நிமிடம். முதல் பேச்சாளரோ இரண்டாம் பேச்சாளரோதான் அதைப் பேச வேண்டும். நிறைவுரையில் வரிசை தலைகீழாகும். எதிரணி முதலில், அரசு கடைசியில். இதனால் எதிரணியின் மூன்றாம் பேச்சும் நிறைவுரையும் அடுத்தடுத்து வந்து, மொத்தம் 12 நிமிடம் இடைவிடாமல் அவர்கள் கையில் இருக்கும். விவாதத்தைத் தொடங்கும் பாரத்தைச் சுமந்ததற்குப் பதிலாகக் கடைசி வார்த்தை அரசுக்கு. நிறைவுரையில் புது வாதம் கூடாது, எதிரணி நடுவில் எழுந்து கேட்கும் இடைக்கேள்வியும் கூடாது.

அமெரிக்கக் கல்லூரிப் பாணிகளில் கணக்கு இன்னும் துல்லியம். பிரதமர் 7, எதிர்க்கட்சித் தலைவர் 8, அரசு உறுப்பினர் 8, எதிர்க்கட்சி உறுப்பினர் 8, பிறகு எதிர்க்கட்சித் தலைவரின் மறுப்புரை 4, பிரதமரின் மறுப்புரை 5. கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சரியாக 20. அந்த நாட்டுச் சங்கம் ஒன்றின் போட்டிகளில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. விவாதத்துக்கான வழக்கை, அதாவது எதைப் பற்றி வாதிடுவது என்பதை, அரசு அணியே வீட்டில் தயாரித்துக் கொண்டுவரலாம். எதிரணிக்கு அது என்ன என்பது பிரதமர் பேசத் தொடங்கும்போதுதான் தெரியும். அநியாயம் போலத் தோன்றுகிறதா? அதனால்தான் அங்கே ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்த வழக்கு எதிர்த்துப் பேசவே முடியாத அளவுக்கு ஒருபக்கச் சாய்வாக இருந்தால், எதிரணி அதைச் சுட்டிக்காட்டி நிறுவியே ஜெயித்துவிடலாம். இங்கே அசைக்க முடியாத வழக்கு என்பது தோற்கும் வழக்கு. எனக்குத் தெரிந்து விவாத விதிகளில் இவ்வளவு அழகான விதி இன்னொன்று இல்லை.

இடைக்கேள்விக்குத் திரும்பலாம். மாணவர்கள் இதை பிஓஐ (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்) என்பார்கள். ஏழு நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் காக்கப்பட்ட நேரம், அப்போது யாரும் எழக் கூடாது. முதல் நிமிட முடிவில் நேரக் காப்பாளர் ஒரு முறை மேசையைத் தட்டுவார் அல்லது கை தட்டுவார், ஆறாவது நிமிட முடிவில் இன்னொரு முறை, ஏழில் இரண்டு முறை. அதன் பிறகு வாக்கியத்தை முடிக்கப் பதினைந்து நொடி சலுகை. அதற்கும் மேல் பேசினால் யாரும் தடுக்க மாட்டார்கள், நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

இடைக்கேள்வியை ஏற்பதும் மறுப்பதும் பேசுபவரின் உரிமை. ஆனால் ஏழு நிமிடத்தில் ஒன்றைக்கூட ஏற்காதவரைப் பார்த்தால் நடுவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இவர் எதற்குப் பயப்படுகிறார்? மறுபக்கம், ஒருவரை மறுத்த உடனே அடுத்தவர், அவர் உட்கார்ந்ததும் மூன்றாமவர் என்று எழுந்துகொண்டே இருந்து பேச்சாளரைத் திணறடிப்பதும் விதிமீறல். நல்ல இடைக்கேள்வி சிறியதாக இருக்கும். "வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் பணக்கார வீடுகள் தனி டியூஷன் வைக்கும், இடைவெளி கூடாதா?" என்பது போல. நான்கு அணி விவாதத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. முதலில் பேசி முடித்துவிட்ட அணி, கடைசி அரை மணி நேரம் அறையில் தாங்களும் இருக்கிறோம் என்று காட்ட அதற்கு இருக்கும் ஒரே ஆயுதம் இதுதான்.

ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது வேறு விஷயம். அது பேச்சாளரிடம் கேட்கும் கேள்வி அல்ல, அவைத் தலைவரிடம் செய்யும் முறையீடு. அமெரிக்கப் பாணியில் மறுப்புரையில் யாராவது புது வாதத்தை நுழைத்தால், எதிரணி எழுந்து "ஒழுங்குப் பிரச்சினை" என்று சொல்லும். கடிகாரம் நிறுத்தப்படும். பிரிட்டிஷ் பாணியில் இது வழக்கில் இல்லை, புது வாதமா இல்லையா என்பதை நடுவரே பார்த்துக்கொள்வார். இந்தப் பெயர் வந்த காமன்ஸ் சபையில், வாக்கெடுப்பு நடக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப வேண்டுமானால் உட்கார்ந்தபடி, தலையில் தொப்பியோடுதான் பேச வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதற்காகவே ஒரு மடக்குத் தொப்பியை அவையில் வைத்திருந்தார்கள். 1998இல்தான் அதைக் கைவிட்டார்கள். மாணவர் விவாதம் நல்லவேளையாக அதைக் கடன் வாங்கவில்லை.

சரி, யார் ஜெயித்தார்கள் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? நடுவர் ஒரு சாதாரண, விவரமறிந்த குடிமகனாகத் தன்னைப் பாவித்துக்கொள்ள வேண்டும் என்பது பல்கலைக்கழகப் போட்டிகளின் அடிப்படை. பொருளாதாரத்தில் அவர் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாலும் அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். ஒரு வாதத்தில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிகிறது, எதிரணி அதைச் சொல்லவில்லை என்றால், அவரும் சொல்லாமல்தான் இருக்க வேண்டும். அப்பட்டமான அபத்தத்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் எதிரணிக்காக அவர் மறுப்பு எழுதக் கூடாது. நடுவர் செய்வதிலேயே கஷ்டமான காரியம் இந்தச் சும்மா இருத்தல்தான். கூர்மையான நடுவர்களே இதில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

மதிப்பெண் முறை வடிவத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் பாணியில் நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி 3, 2, 1, 0 என்று புள்ளி. பேச்சாளருக்குத் தனியாக 50 முதல் 100 வரை மதிப்பெண். முன்னால் வந்த அணியின் மொத்த மதிப்பெண் பின்னால் வந்த அணியினுடையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. நடுவர் குழு முதலில் உட்கார்ந்து பேசி ஒருமித்த முடிவுக்கு வர முயலும், முடியாவிட்டால்தான் வாக்கு. உலகப் பள்ளிகள் பாணியில் இதற்கு நேர் எதிர். நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியே தாளை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும், பெரும்பான்மை எண்ணப்படும். அங்கே பேச்சாளருக்கு 60 முதல் 80 வரை, உள்ளடக்கத்துக்கு நாற்பது சதவீதம், பேசும் விதத்துக்கு நாற்பது, உத்திக்கு இருபது. நிறைவுரைக்குப் பாதி மதிப்பெண். பேசும் விதத்துக்கு இத்தனை எடை தேவையா என்று கேட்டால், எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. வாதத்தில் சத்தில்லாத இனிமையான குரலுக்கு அது கை கொடுத்துவிடுகிறது.

முதல் சுற்றில் யாரோடு யார் என்பது குலுக்கல். அதன் பிறகு ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை ஒன்றாகப் போடுவார்கள். அதனால் சுற்றுகள் போகப் போக எதிராளிகளின் பலம் உங்கள் பலத்துக்குச் சமமாகிக்கொண்டே வரும். அணிகளின் எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால், இடத்தை நிரப்ப அமைப்பாளர்களே ஒரு கூட்டு அணியை இறக்கிவிடுவார்கள். அந்த அணி அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது, ஆனால் சில சமயம் எல்லோரையும் வீழ்த்திவிட்டு ஜாலியாகக் கிளம்பும்.

சுற்று முடிந்து, நடுவர்கள் பேசி முடித்ததும் அணிகளை உள்ளே அழைப்பார்கள். தலைமை நடுவர் வரிசையைச் சொல்லி, காரணத்தை விளக்குவார். இந்த அணி அந்த அணியை ஏன் வென்றது, எந்த வாதத்துக்குப் பதில் வரவில்லை என்று ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம், புரியாததைக் கேட்கலாம். வாதாடக் கூடாது. அவ்வளவு நேரம் பதில் சொல்லும் உரிமையைக் காத்த விதிகள் இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கின்றன. உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் ஒன்பது தொடக்கச் சுற்றுகளில் கடைசி மூன்றுக்கு முடிவைக்கூடச் சொல்ல மாட்டார்கள். மாணவர்கள் நடைவழியில் நின்று, நடுவர் எந்தப் பேச்சின்போது அதிகம் எழுதினார் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.